செக்கிங் அம்மாவும் ஒன்பது பேண்டுகளும்

எங்கள் கம்பெனியில் ஆயிரத்து நானூறு பேர் வேலை செய்கிறோம். ஆம்பூர் பைபாஸிலிருந்து உள்ளே திரும்பினால் வரிசையாக வரும் ஷூ கம்பெனிகளில் அதுவும் ஒன்று. பெயர் வேண்டாம். சாயங்காலம் ஐந்தரைக்குச் சைரன் அடித்ததும் அத்தனை பேரும் ஒரே கேட் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அந்தக் கேட்டில் பத்தொன்பது வருஷமாக நிற்பவர் ஜெயபுஷ்பம். எல்லோருடைய பையையும் திறந்து பார்ப்பது அவர் வேலை. பெண்களாக இருந்தால் கையைத் தூக்கச் சொல்லித் தடவியும் பார்ப்பார். கம்பெனி முழுக்க அவரை 'செக்கிங் அம்மா' என்றுதான் கூப்பிடும். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் நான். என் பெயர் இன்பசேகரன், டைம் ஆபீஸ் கிளார்க். என் மேஜை கேட்டைப் பார்த்த ஜன்னலோரம் இருப்பதால் வந்த உரிமை அது.

அந்த அம்மாவின் சந்தேகத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே போடலாம். டிபன் பாக்ஸில் சாம்பார் மிச்சம் இருந்தால் கரண்டியை விட்டுக் கலக்கிப் பார்ப்பார். ஒரு முறை ஒரு பெண் வெட்டிய தோலை வயிற்றில் சுற்றிக்கொண்டு, மாசமாக இருப்பதாகச் சொல்லி வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகு நிஜமாகவே கர்ப்பமான பெண்கள் பாடு திண்டாட்டம். "சந்தோஷம்மா, எத்தினி மாசம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். பதிலை மனதில் வைத்திருந்து அடுத்த மாதம் மறுபடியும் கேட்பார். கணக்கு உதைத்தால் அவ்வளவுதான்.

வீட்டிலும் இப்படித்தான் என்று அவர் கணவரே என்னிடம் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார். கடையிலிருந்து வந்த முட்டையை ஒவ்வொன்றாகப் பல்புக்கு நேரே பிடித்துப் பார்ப்பாராம். சர்ச்சில் எல்லோரும் கண்மூடி ஜெபம் பண்ணும்போது இவருக்கு மட்டும் ஒரு கண் திறந்திருக்குமாம். ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் பிடித்த திருட்டு எதுவும் பொய்யில்லை. பிடிக்காமல் விட்ட திருட்டு உண்டா என்று பத்தொன்பது வருஷமாக யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஒவ்வொரு வருஷமும் பொங்கல் கழித்து எங்களுக்கு ஆண்டு விழா. ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் ஒரு பாட்டுக் குழு இருக்கும். அதை பேண்ட் என்று சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். ஒரு கீபோர்டு, ஒரு கிட்டார், உட்கார்ந்து தட்டுகிற ஒரு மரப்பெட்டி, நாலு குரல். எல்லாரும் பாடுவது அதே சினிமாப் பாட்டுகள்தான். அதனால் ஒருவரிடமிருந்து ஒருவர் வித்தியாசம் காட்ட மிச்சமிருப்பது பெயர் ஒன்றுதான். அதில்தான் மூளையெல்லாம் செலவாகும்.

போன வருஷம் தையல் லைன் பெண்கள் தங்கள் பேண்டுக்கு 'எட்டு மணி அஞ்சு நிமிஷம்' என்று பெயர் வைத்தார்கள். எட்டு மணி ஷிப்டுக்கு ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால் அரை நாள் சம்பளம் போய்விடும். மேடையில் அந்தப் பெயரை அறிவித்ததும் எழுந்த விசிலில் தகரக் கூரை அதிர்ந்தது. முன் வரிசையில் இருந்த எம்.டி.யின் அம்மா அர்த்தம் கேட்டார். எம்.டி. என்னைப் பார்த்தார். அரை நாள் வெட்டுவது நான்தான் என்பதால் நானே விளக்க வேண்டியதாயிற்று. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது.

அதனால் இந்த வருஷம் பெயர்களை முன்கூட்டியே பார்த்து அனுமதி தர ஒரு கமிட்டி போட்டார்கள். எச்.ஆர். அதிகாரி கார்முகிலன் அதற்குத் தலைவர். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து தினமும் காரில் வருகிற பையன், எம்.பி.ஏ. படித்தவன், கம்பெனிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்புறம் நான். பெண்கள் சார்பாக ஜெயபுஷ்பம்.

ஒன்பது பெயர்கள் வந்தன. கட்டிங் செக்‌ஷன், 'கத்தி பத்திரம்'. தையல் லைன், 'நூல் அறுந்த நேரம்'. அடிப்பாகம் ஒட்டுகிறவர்கள், 'பசை காயட்டும்'. தரம் பார்க்கிறவர்கள், 'திருப்பி அனுப்பு'. பேக்கிங், 'கன்டெய்னர் போய்டுச்சு'. எலெக்ட்ரீஷியன்கள், 'கரண்ட் வந்தா பாடுவோம்'. கேன்டீன், 'டோக்கன் இல்லாத சாப்பாடு'. ஸ்டோர், 'மூணாவது துண்டு'. சாம்பிள் ரூம், 'கேட்டுக்கு வெளியே'.

கார்முகிலன் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். ஜெயபுஷ்பம் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு பெயராகக் கீழே கோடு இழுத்துக்கொண்டு வந்தார்.

"சும்மா யாரும் பேரு வெக்க மாட்டாங்க சார். மனசுல இருக்கறதுதான் வாயில வரும்" என்றார்.

"மேடம், தமாஷுக்கு வெக்கிறாங்க."

"தமாஷா? டோக்கன் இல்லாத சாப்பாடுன்றான். டோக்கன் இல்லாம எவன் சாப்புடறான்? அதைக் கேக்க வேணாமா?"

கேட்டே விட்டார். இரண்டு நாள் மதியம் கேன்டீன் வாசலில் நின்று டோக்கனை எண்ணினார். கட்டிங் சூப்பர்வைசர் ஜியாவுதீன் தினமும் இரண்டு தட்டுச் சாப்பிடுவது வெளியே வந்தது. மனுஷன் அவமானத்தில் ஒரு வாரம் வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்தார். 'பசை காயட்டும்' என்ற பெயருக்காக, யாராவது போதைக்காகப் பசையை மோந்து பார்க்கிறார்களா என்று ஒட்டுகிற பையன்களின் கண்களை ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்தார். 'கன்டெய்னர் போய்டுச்சு' பேண்டில் பாடுகிற ஆறு பேரும் ஒரு மணி நேரம் பதில் சொன்னார்கள். முந்தின மழைக்காலத்தில் ஒருநாள் சரக்கு ஏற்றுவதற்குள் கன்டெய்னர் கிளம்பிவிட்டது, அதை வைத்து வைத்த பெயர், அவ்வளவுதான் விஷயம். எனக்கே அது தெரியும். ஆனாலும் அவர் கேட்கிற விதத்தில், கன்டெய்னரை இந்த ஆறு பேரும் சேர்ந்து விற்றுவிட்டார்களோ என்று எனக்கும் ஒரு கணம் பட்டது. சந்தேகம் தொற்றுகிற வியாதி.

'மூணாவது துண்டு' என்ற பெயரின் கீழே மட்டும் கோடு விழவில்லை. எங்கள் கம்பெனியில் தையல் மெஷின் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகளையெல்லாம் தேடி எடுத்து ஒரு அட்டையில் ஒட்டிக் கொடுத்தால்தான் புது ஊசி. துண்டு ஒன்று ஷூவுக்குள் போய், யாராவது வெள்ளைக்காரக் குழந்தையின் காலில் குத்திவிடக் கூடாது. இரண்டு துண்டு உடனே கிடைத்துவிடும், மூணாவதற்காக லைனே தரையில் தவழும். ஸ்டோரில் அந்த ஊசிக் கவுண்டரில் உட்காருபவர் மஹபூப் பாஷா. பேண்டுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான், கீபோர்டு வாசிப்பதும் அவர்தான்.

பாஷா பாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷம் முன்னால் பைபாஸில் லாரி ஏறி வலது கால் முட்டிக்கு மேலேயே போய்விட்டது. செயற்கைக் கால் பொருத்திப் பார்த்தார், புண்ணாகி ஒத்துவரவில்லை. இரண்டு கட்டைகளை ஊன்றித்தான் நடப்பார். கம்பெனியில் அவரைப் பிடிக்காதவர் கிடையாது. சாயங்காலம் அவர் வந்தால் வரிசை தானாக ஒதுங்கி வழிவிடும். ஜெயபுஷ்பமே சின்ன கேட்டைத் திறந்து பிடித்துக்கொள்வார்.

"பாய் பேரு வெச்சா அதுல என்ன இருக்கப் போவுது" என்று பேனாவை அடுத்த வரிக்கு நகர்த்தினார். அடுத்த வரி 'கேட்டுக்கு வெளியே'. பேனா அங்கே நின்றுவிட்டது.

அது நின்றதற்குக் காரணம் இருந்தது. அதே வாரம்தான் எங்களிடம் ஷூ வாங்கும் ஜெர்மனி பையர் ஒரு மெயில் அனுப்பியிருந்தார். அடுத்த குளிர்காலத்துக்கான புது மாடல்களைச் சாம்பிள் ரூமில் செய்து காட்டுவோம். சாம்பிள் என்றால் ஜோடி கிடையாது, இடது கால் மட்டும்தான், எல்லாம் எட்டாம் நம்பர். ஒற்றை ஷூவை யாரும் திருட மாட்டார்கள் என்பது உலகம் பூராவும் இருக்கும் வழக்கம். பார்த்து முடிந்ததும் எல்லாவற்றையும் கத்தியால் வெட்டிப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். போன வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நாற்பது செய்தோம். வெட்டியது முப்பத்து மூன்று. மிச்சம் ஏழு எங்கே என்று கேட்டிருந்தார். போட்டுக்கொள்ளத்தான் ஜோடி வேண்டும், பார்த்துக் காப்பி அடிக்க ஒற்றை ஷூ போதும். ஏழு மாடல் சந்தைக்கு வருவதற்கு முன்பே வேறு எங்கேயோ போயிருந்தால், அடுத்த ஆர்டர் எங்களுக்கு இல்லை.

ஷூ காணாமல் போனது சாம்பிள் ரூமிலிருந்து. அந்த சாம்பிள் ரூம் பேண்டின் பெயர் 'கேட்டுக்கு வெளியே'. ஜெயபுஷ்பத்துக்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

"எங்க போச்சுன்னு அவங்களே பேரு வெச்சுச் சொல்றாங்க சேகர் சார். நம்மளப் பாத்து சிரிக்கிறாங்க."

அந்த பேண்டில் பாடுகிறவள் சௌம்யா. குடியாத்தத்து நெசவுக் குடும்பம், வீட்டில் லுங்கித் தறி ஓடுகிறது. கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறாள். வயது இருபத்து மூன்று. சாம்பிள்களுக்கு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி அடுக்கி வைப்பது அவள் வேலை. நல்ல குரல் என்று சொன்னால் போதாது, அவள் பாடினால் கேன்டீனில் தட்டுச் சத்தம் நிற்கும். ஜெயபுஷ்பம் அவளைக் கூப்பிட்டு விசாரித்தபோது நானும் இருந்தேன்.

"இன்னாத்துக்கும்மா இந்தப் பேரு?"

"எச்.ஆர்.ல ப்ராக்டிஸ் பண்ண ரூம் கேட்டோம், குடுக்கல. அதான் கேட்டுக்கு வெளியே அதாவுல்லா டீக்கடை பின்னாடி பண்றோம். அதையே பேரா வெச்சிட்டோம்."

"கம்பெனி விட்டா வீட்டுக்குப் போவாம டீக்கடை பின்னாடி உனக்கு இன்னா வேலை?"

"அதான் சொன்னேனேம்மா, ப்ராக்டிஸ்."

நேரான பதில். ஆனால் நேரான பதில் வந்தால்தான் அந்த அம்மாவுக்குச் சந்தேகம் ஜாஸ்தியாகும். மூன்று நாள் அதாவுல்லா கடையில் டீ குடித்தபடி ஒத்திகையைக் கவனித்தார். ஒரு நாள் முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு வந்து, "பொண்ணு நல்லாத்தான் பாடுது. அதான் பயமா கீது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அப்போதே வாயைத் திறந்து, இது அநியாயம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏழு ஷூ காணோம் என்றால் ஏதாவது ஒரு கையில் போய் நிற்க வேண்டுமே, அது நம் கையாக இல்லாத வரைக்கும் நல்லது என்று இருந்துவிட்டேன்.

நாலாம் நாள் கேட்டில் சௌம்யாவின் கிட்டார் உறையைத் தலைகீழாக உதறினார். உள்ளே அடியில் ஒரு சாம்பிள் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. காணாமல்போன ஏழில் ஒன்றின் நம்பர்.

நாளெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டுகிற பெண்ணின் சாமானில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளாதா? அவள் துப்பட்டாவில்கூட இரண்டு ஒட்டியிருக்கும். அவள் அழுதுகொண்டே அதைத்தான் சொன்னாள். ஜெயபுஷ்பம் ரிப்போர்ட் எழுதினார், நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன், கார்முகிலன் சஸ்பென்ஷன் ஆர்டர் அடித்தான். விழா சனிக்கிழமை, விசாரணை அதற்கடுத்த திங்கட்கிழமை. 'கேட்டுக்கு வெளியே' பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது.

திருட்டு என்று எழுதி வேலையைவிட்டு அனுப்பினால், ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ எந்த ஷூ கம்பெனியும் அவளைச் சேர்க்காது. எச்.ஆர். ஆட்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் ஒரு வரி போதும். அவள் அப்பாவுக்குக் கண் மங்கித் தறியிலிருந்து இறங்கி நாலு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு அவள் சம்பளம்தான்.

அந்த வாரம் வியாழக்கிழமை ஒரு விஷயம் பார்த்தேன், பெரிதாக நினைக்கவில்லை. பாஷா பாய் எச்.ஆர். அறைக்குள் போனார். கண்ணாடி வழியாகத் தெரிந்தது, அவர் ஏதோ சொல்ல, கார்முகிலன் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தான். டீ வந்தது. பாய் அதைக் குடிக்காமல் வைத்துவிட்டு வெளியே வந்தார். லீவு கேட்கப் போயிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் பேக்கிங் ஷெட்டில் விழா. மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிய திரை. எட்டு பேண்டுகள். 'கரண்ட் வந்தா பாடுவோம்' பாட ஆரம்பித்ததும் கரண்ட் போய், ஜெனரேட்டர் வரும் வரை ஷெட்டே சிரித்தது. 'நூல் அறுந்த நேரம்' பெண்கள் பாட்டின் நடுவில் வரி மறந்து நின்றார்கள், அதற்கும் கைதட்டல். ஜெயபுஷ்பம் மட்டும் பக்கவாட்டில் சுவரோரம் நின்று, மேடையை விட்டுக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவதாக 'மூணாவது துண்டு'. பாஷா பாய் கட்டைகளைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டைத் தொட்டார். ஸ்வரத்தை இழுத்து நிறுத்துகிற மிதியை இடது காலால் அழுத்தி வாசிப்பார். கேமராக்காரர் புதுசு, வேலூரிலிருந்து வந்தவர். ஒற்றைக் காலால் வாசிக்கிறாரே என்று ஆசையாக அந்தக் காலையே பெரிதாக்கித் திரையில் காட்டிவிட்டார்.

பாசிப் பச்சையில் மெத்துத் தோல், ஓரமெல்லாம் ஆரஞ்சு நூல் தையல். இந்த ஷூ இன்னும் உலகத்தில் எந்தக் கடைக்கும் போகவில்லை. அடுத்த குளிர்காலத்துக்குத்தான் போகும். எட்டடி உயரத்துக்கு இரண்டு திரையிலும் நின்றது.

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆயிரத்து நானூறு ஷூத் தொழிலாளிகள். அந்தத் தோலை வெட்டியவர் அங்கே இருந்தார், தைத்தவள் இருந்தாள். ஜியாவுதீன் தலையைக் குனிந்துகொண்டார். சாம்பிள் ரூம் பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். கார்முகிலன் மட்டும் முன் வரிசையில் தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஷூ பற்றி ஒன்றும் தெரியாது. நான் திரும்பிச் சுவரோரம் பார்த்தேன். ஜெயபுஷ்பம் அங்கே இல்லை.

விழா நாலரைக்கு முடிந்தது. எல்லோரும் கையில் ஸ்வீட் பாக்ஸோடு கேட்டுக்கு வந்தார்கள். ஜெயபுஷ்பம் மேஜை போட்டு வழக்கம்போல நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு பையாகப் பார்த்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். கடைசியில் பாஷா பாய் வந்தார். கூடவே கார்முகிலன், அவர் வாசிப்பைப் புகழ்ந்துகொண்டே வந்தான். வெளியே போன கூட்டத்தில் பாதி கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தது.

சின்ன கேட்டை ஜெயபுஷ்பம் திறக்கவில்லை.

"பாஷா பாய், ஷூவைக் கழட்டணும்."

"மேடம், என்ன இது? பாயைப் போயா செக் பண்றீங்க?" என்றான் கார்முகிலன்.

"நீங்க தள்ளிக்கோங்க சார்."

நின்றபடி அவரால் எப்படிக் கழற்ற முடியும். ஜெயபுஷ்பம் தன் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு உட்காரவைத்தார். தரையில் அமர்ந்து அவரே நாடாவை அவிழ்த்தார். ஷூவின் நாக்கைப் புரட்டிக் காட்டினார். சாம்பிள் நம்பர் இருந்தது.

"ஏழும் நான்தாம்மா" என்றார் பாஷா பாய். "வெட்டறதுக்கு மூட்டை கட்டி ஸ்டோர்லதான போடறாங்க, என் கவுண்டர் பக்கத்துல. என் சைஸ். ஒத்தக் கால்ல மொத்த உடம்பும் நிக்குது, ஒரு ஷூ ஒண்ணரை மாசம் தாங்க மாட்டேங்குது. காசு குடுத்து ஜோடி ஜோடியா வாங்கிப் பாத்தேன். தொடாத வலது கால் ஷூ மட்டும் வீட்ல பதினாலு கெடக்குது."

"பாய், சும்மா இருங்க" என்றான் கார்முகிலன். பிறகு எங்களிடம் திரும்பி, "வியாழக்கிழமையும் இதையேதான் சொன்னார். அந்தப் பொண்ணைக் காப்பாத்தப் பழியைத் தன்மேல போட்டுக்கறார்னு நினைச்சு அனுப்பிட்டேன்" என்றான். சொல்லும்போதே அவன் முகம் மாறியது. கையெட்டும் தூரத்தில், திரையில் பார்த்த பச்சை ஷூ.

"சார் நம்பல. அதான் போட்டுக்கினு மேடை ஏறினேன்" என்றார் பாஷா பாய்.

ஜெயபுஷ்பம் இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார். "என் கேட்டைத் தாண்டித்தான போனீங்க. எப்படிப் போச்சு?" என்று கேட்டார். அது அதிகாரி கேட்கிற கேள்வியாக இல்லை.

"காலையில செருப்புல வருவேன். சாயங்காலம் ஷூல போவேன். செருப்பு பையில இருக்கும். நீங்க பையைத் திறப்பீங்க, ஒத்தச் செருப்பு கெடக்கும். பாத்ததும் சட்டுனு மூடிடுவீங்க. என் மூஞ்சியைப் பாத்து, வீட்ல எல்லாம் சௌக்கியமா பாய்னு கேப்பீங்க. ஒரு வாட்டி கூட கீழ பாத்ததில்ல. நீங்க மட்டும் இல்லம்மா, யாருமே பாக்கல. பதினோரு வருஷமா இப்படித்தான். திருடும்போது கூட யாரும் என்னைப் பாக்கல."

அவர் மீது எங்கள் எல்லோருக்கும் இருந்த அன்பு எப்படிப்பட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஜெயபுஷ்பம் அழுதார். சத்தமில்லாமல், கையில் அந்த ஷூவை வைத்துக்கொண்டே. பிறகு எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு ரெஜிஸ்டரைத் திறந்தார்.

"எழுதணும் பாய். எழுதாம விட முடியாது."

"எழுதுனா அந்தப் பொண்ணு மேல இருக்கறது போய்டும்ல?"

"போய்டும்."

"அப்ப எழுதுங்க."

எழுதினார். பாய் பெயருக்குக் கீழே, இவரைச் சோதிக்காமல் விட்டது என் தவறு என்று இன்னொரு வரியும் எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு பையிலிருந்து அந்த ஒற்றைச் செருப்பை எடுத்து, பாயின் காலில் மாட்டிவிட்டார். இந்த முறை சரியாகப் பார்த்துத்தான் மாட்டினார்.

திங்கட்கிழமை விசாரணை நடக்கவில்லை. பாஷா பாய் வீட்டிலிருந்து மற்ற ஆறு ஷூக்களும் வந்தன. அடி தேய்ந்து, நாடா அறுந்து, எதையும் பார்த்து யாரும் காப்பி அடிக்க முடியாத நிலையில். போட்டோ எடுத்து ஜெர்மனிக்கு அனுப்பினோம். பையர் ஒருவழியாகச் சமாதானமானார். பாய்க்கு ஒரு மாதம் சஸ்பென்ஷன். வேலையைவிட்டே அனுப்ப வேண்டும் என்று எம்.டி. சொன்னதற்கு எல்லா செக்‌ஷனும் கையெழுத்துப் போட்டுத் தடுத்தது. முதல் கையெழுத்து ஜெயபுஷ்பத்துடையது.

சௌம்யா புதன்கிழமை வேலைக்கு வந்தாள். சாயங்காலம் வரிசையில் அவள் முறை வந்ததும் ஜெயபுஷ்பம் பையைத் தொடாமல் நின்றார்.

"நான் உன்மேல எழுதுனது தப்பும்மா. பேரை வெச்சு சந்தேகப்பட்டுட்டேன்."

"தெரியும்மா. லெட்டர் வந்துச்சு."

"எச்.ஆர்.ல சொல்லி ப்ராக்டிஸுக்கு ரூம் வாங்கிட்டேன். அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க உள்ளயே பாடலாம்."

"நான் பாடறதை விட்டுட்டேம்மா."

சொல்லிவிட்டு அவளே பையைத் திறந்தாள். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், சீப்பு, பர்ஸ், ஒவ்வொன்றாக மேஜையில் எடுத்து வைத்தாள். டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து காட்டினாள். கிட்டார் இல்லை. கைகளைத் தூக்கி நின்றாள். பின்னால் வரிசை காத்திருந்தது, பஸ் ஹார்ன் அடித்தது. பிறகு குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றி, அடிப்பக்கம் மேலே தெரியும்படி டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"செருப்பெல்லாம் வேணாம்மா" என்றார் ஜெயபுஷ்பம்.

"பாத்துடுங்கம்மா. நாளைக்கு ஏதாச்சும் காணோம்னா, நீங்க பாக்கலன்னு ஆவக் கூடாது."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பஸ் டைம் சொல்வது போலச் சொன்னாள். ஜெயபுஷ்பம் செருப்புகளைக் கையில் எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பிப் பார்த்துக் கீழே வைத்தார். சௌம்யா அவற்றைப் போட்டுக்கொண்டு, சாமான்களைப் பையில் அள்ளி, பஸ்ஸுக்கு ஓடினாள்.